அண்ணாச்சி கடைப் பொட்டலம்

பத்து ரூபாய்க்குக் கடுகு கேட்டால் அண்ணாச்சி முகம் சுளிப்பதில்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்து, கூம்பாகச் சுருட்டி, கடுகைக் கொட்டி, வாயை மடித்து, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி அறுக்கிறார். காகிதம், நூல், நேரம் எல்லாம் போக இதில் என்ன மிஞ்சும்? ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடுகுக்கு வருகிற கைதான் மாதம் பிறந்ததும் 25 கிலோ அரிசி மூட்டைக்கும் வரும். அவர் கணக்கு வீட்டுக்கு, பொருளுக்கு அல்ல.

கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' பலகை. அதற்கு நேர் கீழேயே கடன் நோட்டு. எனக்கு இந்த முரண் ரொம்பப் பிடிக்கும். பாக்கி ஏறியவரிடம் பலகையைக் காட்டமாட்டார், நோட்டைப் புரட்டி, "நம்ம கணக்கு எவ்வளவுன்னு பாத்திரலாமா?" என்பார். 'நம்ம' என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

"சூப்பர் மார்க்கெட்ல துவரம்பருப்பு ரெண்டு ரூபா கம்மி" என்று நிற்பவரிடம் வாதம் கிடையாது. "அப்படியாம்மா" என்றபடி அடுத்தவருக்குச் சீனி நிறுக்கத் தொடங்கிவிடுவார். பாதி பிரித்த பாக்கெட்டைத் திருப்பித் தர வந்தவருக்கு மாற்றித் தருவார், ஒருமுறை. மறுமுறை அவர் கேட்டது இருக்காது. 'இல்லை' என்ற சொல்லும் வராது.

"நாளைக்கு வந்துரும் சார்."