பழம்புத்தகச் சந்தையும் இலக்கியத் திறனாய்வும்

அம்பாங்கிலிருந்து இலகு ரயிலேறி, மஸ்ஜித் ஜாமேக்கில் வண்டி மாறித் தாமான் ஜெயாவில் இறங்குவோர்க்கு அம்கார்ப் பேரங்காடி அருகிலேயே உள்ளது. வார இறுதியில் அங்குக் கூடும் பழம்பொருட் சந்தை பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது. நாணயம், அஞ்சல் தலை, இசைத்தட்டு, ஒளிப்படக் கருவி ஆகியவற்றினூடே பழைய நூல்களும் விலைக்கு வரும். ஆங்கில நூல்கள் மிகுதி. மலாய் நூல்களையும் இதழ்களையும் தேடுவோர் உண்டு. தமிழ்த் திரைப்பாடல் இசைத்தட்டுக் கூடச் சிலபோது அகப்படும். தமிழ் நூலோ அரிதினும் அரிது.

இது கொண்டு இந்நாட்டுத் தமிழர் படிக்காதவர் என முடிவு கட்டுவது எளிது. அம்முடிபு பிழையானது. அவர்கள் படித்தவற்றுள் பெரும்பகுதி நூல் வடிவில் இருந்ததில்லை. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு' முதலிய ஏடுகளே மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்குத் தாய்வீடாக அமைந்தன. 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேச'னில் நடத்திய கதை வகுப்பு, எழுத விழைந்தோரைப் பயிற்றி உருவாக்கியமை யாவரும் அறிந்தது. அவ்வாறு ஏட்டில் பிறந்த கதைகளுள் தொகுப்பாக வெளிவந்தவை சிலவே. ஏனையவை எடைக்குப் போயின. கட்டுமானமுள்ள நூலையே தேடிச் சந்தைக்குச் செல்பவர், நம் இலக்கியத்தைப் பொறுத்தமட்டில், தவறான குவியலைக் கிளறுகிறார் எனல் வேண்டும்.

ஏடு, நூல் என்னும் இவ்வேறுபாடு திறனாய்வை எங்ஙனம் தாக்கும் என்பது தமிழகத் தொடர்கதைகளை நோக்கின் இனிது விளங்கும். வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, நூலாகக் கட்டிவைக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது. பழம்புத்தகம் தேடுவோர் விரும்பித் தேடும் பொருள்களுள் அதுவும் ஒன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரந்தோறும் மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்தது. இன்று அதனை ஐந்து பாகங்களாக ஒரே மூச்சில் படிக்கும் மாணவர், நடந்ததையே ஆசிரியர் திரும்பக் கூறுகிறார் என்றும், அத்தியாயந்தோறும் வலிந்து ஒரு திகைப்பை வைக்கிறார் என்றும் குறை காண்பர். மூன்றரை ஆண்டுகள் வாரம் ஒருமுறை காத்திருந்து படித்தவர்க்குக் கூறியது கூறல் நினைவூட்டலாகப் பயன்பட்டது. திகைப்போ அடுத்த வாரத்திற்கான அழைப்பு. குறை குறையன்று என்பது இதன் பொருளன்று. எந்த வடிவத்திற்காக எழுதப்பட்டதோ அவ்வடிவத்தில் வைத்தே அதனை எடைபோட வேண்டும்.

நம் ஞாயிறு பதிப்புக் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டும் இத்தகையதே. முடிவு அவசரமாக வந்துவிடுகிறது என்பர். எழுத்தாளர்க்குப் பொறுமை இல்லையா, பத்தியில் இடம் இல்லையா, பக்க ஆசிரியரின் கத்தரி புகுந்ததா? மறுபதிப்புத் தொகுப்பு இதற்கு விடை தராது. கதைக்கு அருகே நின்ற விளம்பரமும், அதற்கென ஒதுக்கிய இடமும், தேதியும் ஒருங்கே அமைந்த மூலப் பக்கம் ஓரளவேனும் தரும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இதனை உணர்ந்திருந்தார். நூல்களோடு நில்லாமல் நாடக அறிவிப்பு, திருமண அழைப்பிதழ் வரை அவர் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. நம் நாட்டில் இராம சுப்பையா தொகுத்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல், இதழ்ப் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. அது பெரும்பணி. எனினும் பட்டியல் பெயரைத்தான் தரும், கதையைத் தராது. 1966இல் வந்த நூல் பாதுகாப்புச் சட்டம் பதிப்பாளரைக் கட்டுப்படுத்தியதேயன்றி, வாசகர் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பை ஒப்படைக்கச் சொல்லவில்லை.

'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. அதனைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்த முதியோரும் குறைந்து வருகின்றனர். வீடு மாறும்போதும் பங்கு பிரிக்கும்போதும் முதலில் வெளியேறுவது அலமாரியின் அடித்தட்டே. நல்ல நூல்களைச் சங்கத்திற்குக் கொடுத்துவிட்டு, 'வெறும் பேப்பர்' என்று எஞ்சியதைப் பழைய தாள் வாங்குவோரிடம் தள்ளிவிடும் படித்த குடும்பங்களும் உள. உண்மையில் கொடுத்ததற்கு வேறு படிகள் இருக்கக்கூடும். தள்ளியதற்கு இருப்பது ஐயமே.

ஐந்தாறு தொகுப்புகளையே சுற்றிச்சுற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்க்கு ஆசிரியர் இடக்கூடிய வேலை ஒன்று உண்டு. தொகுப்பிலுள்ள ஒரு கதையின் முதல் அச்சைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டையும் வரிக்குவரி ஒப்பிடச் செய்யலாம். தேடல் சந்தையில் தொடங்கினும் தாத்தா வீட்டு அலமாரியில் முடியக்கூடும். அகப்பட்டதும் கதையை மட்டும் கத்தரித்து எடுத்தல் கூடாது. தேதி தெரியப் பக்கம் முழுவதையும் காத்தல் வேண்டும்.