காதும் கையும்

சென்ற மாதம் ஒரு கவி நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய இரண்டாவது தொகுப்பின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். முதல் தொகுப்பைப் பற்றி நான் எழுதிய மதிப்புரையில் 'பல கவிதைகளில் சுருதி சேரவில்லை' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் எதையும் பிரசுரத்துக்கு அனுப்பவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய இரண்டு அறை வீடு என்னுடையது. சுவரோரம் இருந்த வயலின் பெட்டியைப் பார்த்து, "இது என்ன சார், பொழுதுபோக்கா?" என்றார். ஆமாம் என்றேன். ரயில் ஒன்று கடந்து போகும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர் விடைபெற்றுக்கொண்டார். அந்த 'ஆமாம்' அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

பொழுது எனக்குப் போக்கவேண்டிய அளவில் இல்லை. காலை ஏழரைக்கு வண்டி ஏறினால் வங்கியிலிருந்து திரும்ப இரவு எட்டாகிவிடும். மிஞ்சுவதில் நாற்பது நிமிஷம், வயலினின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலது கணுக்காலிலுமாக வைத்துக்கொண்டு தரையில் உட்காருகிறேன். பன்னிரண்டு வருஷமாக இது நடக்கிறது. இன்றும் ஒரு வர்ணத்தை இன்னொருவர் முன்னால் கூச்சமில்லாமல் வாசிக்க என்னால் முடியாது. இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பத்திரிகையில் எழுதுகிற, இதைப் படிக்கிற எவரும் எழுத்தால் பிழைக்கவில்லை. வங்கி, தபால் இலாகா, ரயில்வே, பள்ளிக்கூடம் என்று எங்கெங்கோ சம்பளம் வாங்கிக்கொண்டு மிஞ்சிய நேரத்தில் எழுதுகிறோம். ஆனால் 'பொழுதுபோக்கு எழுத்து' என்ற சொல்லை எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு வசையாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். இந்த விசித்திரத்தை நாம் போதிய அளவு யோசித்ததில்லை என்று எனக்குப் படுகிறது.

2

கடற்கரை வண்டியில் என்னோடு தினமும் வரும் மூன்று நான்கு பேர் வாத்தியம் வாசிப்பவர்கள். ஒருவர் கிடார், ஒருவர் கீபோர்ட், கிண்டியில் இறங்கும் ஒருவர் மிருதங்கம். எங்கள் பேச்சில் சங்கீதம் இருப்பதில்லை, சாமான்கள்தான் இருக்கும். எந்தத் தந்தி, எந்த மைக், எந்தப் பெடல், எந்தச் சுருதிப்பெட்டி. ஒரு ராகத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசத் திணறும் நாங்கள் வயலின் வில்லுக்குப் பூசும் ரோஸினைப் பற்றிப் பல்லாவரத்திலிருந்து மாம்பலம்வரை பேசுவோம்.

இதைக் கேலி செய்வது சுலபம். நான் அதற்கு அருகதையற்றவன். மூன்று வருஷங்களுக்கு முன் வங்கியில் கடன் போட்டு நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு வயலின் வாங்கினேன். என் பழைய வயலினில் சத்தம் கட்டையாக இருக்கிறது, புதியது வந்தால் கை வேறு மாதிரி பேசும் என்று வீட்டில் வாதாடினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், வங்கிக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, பழைய வயலினைக் கொடுத்துவிட்டு வந்தேன். மிக்ஸி, தையல் மிஷின், உடைந்த பொம்மைகளுக்கு நடுவில் அது கிடந்த கோலம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. புது வயலினிலும் என் காந்தாரம் பழைய இடத்திலேயே பிசகியது. இப்போது அந்தப் பிசகு கணீரென்று கேட்டது என்பதுதான் வித்தியாசம்.

நடந்தது என்னவென்றால், அப்யாசம் செய்பவனுக்குக் கைக்கு முன் காது வளர்ந்துவிடுகிறது. பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுக் காது ஓரிடத்துக்குப் போய்விடுகிறது. கை அங்கே வர இன்னும் பத்து வருஷம் ஆகலாம், வராமலே போகலாம். இந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்வது கடினம். தாங்க முடியாதவன் அதைப் பணத்தால் நிரப்பப் பார்க்கிறான். சாமான்மீது வரும் பித்துக்கு மூலம் பேராசை அல்ல, அவமானம்.

என்னுடைய பித்து வியன்னாத் தந்தி. தாமஸ்டிக் நிறுவனம் 1970இல் கொண்டுவந்த டாமினன்ட் என்ற வகை. ஆட்டுக்குடல் நரம்புக்குப் பதிலாகச் செயற்கை இழையை உள்ளே வைத்து அதன்மேல் உலோகம் சுற்றியது. நல்ல தந்திதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் நான்கு தந்திகளையும் சேர்க்கும் மேலைநாட்டு வழக்கத்துக்கும் அதற்குரிய இழுவிசைக்கும் கணக்குப் பண்ணிச் செய்யப்பட்டது. நாம் ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கிறோம். ஆண் குரலுக்கு வாசிக்கும்போது அவர்களுடைய சுருதியைவிட மிகவும் தாழ்த்திவிடுகிறோம். தந்தி தளர்ந்து தொங்கும் நிலையில் அதன் சிறப்பைப் பற்றி வண்டியில் வாதம் புரிகிறோம். இந்தக் காட்சி எனக்குப் பரிச்சயமானது. நம் பத்திரிகைகளில் அமைப்பியல், பின்அமைப்பியல் என்று வந்த கட்டுரைகளில் பலவும் இப்படித் தளர்ந்த தந்திகள்தாம். வேறொரு இழுவிசைக்குச் செய்ததை இங்கே மாட்டிவிட்டு, நாதம் வரவில்லையே என்று வாசகனைக் கோபித்துக்கொள்கிறோம்.

இரவல் வாங்குவதே குற்றம் என்பது என் கட்சியல்ல. வயலினே இரவல்தான். முத்துசாமி தீக்ஷிதரின் தம்பி பாலுசாமி தீக்ஷிதர் (1786-1859) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு இதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர். பெட்டியின் அமைப்பு அப்படியே இருந்தது. நின்று வாசித்தது உட்கார்ந்து வாசிப்பதாயிற்று. சுருதி மாறிற்று. விரல் குத்தும் இடத்தில் கமகத்துக்காக வழுக்கத் தொடங்கியது. வாங்கியவர்கள் தங்கள் உடம்பை அதற்கேற்பவும் அதைத் தங்கள் உடம்புக்கேற்பவும் மாற்றிக்கொண்டார்கள். அதற்கு ஒரு தலைமுறைக்குக் குறையாத உழைப்பு வேண்டியிருந்திருக்கும். நாம் பெயரை மட்டும் இறக்குமதி செய்கிறோம்.

3

வாத்தியத்தோடு வேறொரு விதமான உறவும் சாத்தியம் என்பதற்கு எனக்குக் கிடைத்த உதாரணம் என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்காரர், கணக்கு உத்தியோகஸ்தர். சி. வி. ராமன் 1907இல், பதினெட்டு வயதில், கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அந்த உத்தியோகத்தில் பத்து வருஷம் இருந்தார். காலையில் அலுவலகத்துக்கு முன்பும் மாலையில் அலுவலகம் விட்ட பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்துக்குப் போய்விடுவார். ஒளிச்சிதறலுக்கு வருவதற்கு முன் அவர் அங்கே அதிகம் மெனக்கெட்ட விஷயங்களில் ஒன்று வயலின். அப்பா சந்திரசேகர ஐயர் வயலின் வாசித்தவர். அண்ணன் சுப்பிரமணிய ஐயரும் கணக்கு இலாகாக்காரர்தான். அவரும் வயலின் வாசித்ததோடு நம் சங்கீதத்தின் இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதினார்.

வில் தந்தியின்மேல் போகும்போது ரோஸினின் பிடிப்பால் தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது, பிறகு நழுவுகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடிக்குச் சில நூறு தடவை இது நடக்கிறது. இதன் விதிகளை ஆராய்ந்து ராமன் எழுதிய நீண்ட ஆய்வு 1918இல் வெளிவந்தது. மனிதக் கை ஒரே சீராக வில் போடாது என்பதால், வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்த வயலின் வாசிக்கும் ஒரு யந்திரத்தையே கட்டினார். 1921இல் வீணை, தம்புரா பற்றி எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய மேல்ஸ்வரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவை ஒலிக்கின்றன. வளைந்த அகலமான குதிரையும், தந்திக்கும் குதிரைக்கும் இடையே நாம் செருகும் நூலும் தந்தியைக் குதிரையின்மேல் உராயவிடுவதுதான் காரணம். அந்த நூலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஜீவா. வயலினின் வயிற்றுக்குள், மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒட்டாமல் நிற்கும் சிறு குச்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆன்மா என்று அழைக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு வாத்தியத்தின் மிக மலிவான பாகத்துக்கு உயிரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ராமனின் கேள்வி 'எது உசத்தி' என்பதல்ல, 'இது எப்படி ஒலிக்கிறது' என்பது. சாமான்மீது பற்று இருவருக்கும் உண்டு. எங்கள் வண்டிப் பேச்சு சாமானை விலைப்பட்டியலாகப் பார்க்கிறது, அவர் அதைத் திறந்து பார்த்தார். பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் எழுபதுகளின் கடைசியில் எலக்ட்ரானிக் தம்புராவைச் செய்தாரே, அவரும் புல்லாங்குழல் வாசித்தவர்தான். அந்தத் தம்புராவே இப்போது கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. நானும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். ஜீவாவை நகர்த்தி நகர்த்தி நாதம் திறக்கும் இடத்தைத் தேட வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்ததே இல்லை. சௌகரியம் என் காதிலிருந்து ஒரு பயிற்சியைக் கழித்துவிட்டது.

4

மிருதங்க நண்பருக்கு இலங்கைப் பலா, கேரளப் பலா வித்தியாசமெல்லாம் தெரியும். தன் மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர் பெயர் தெரியாது. வலந்தலையின் நடுவில் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கருப்பு சாதம் இருக்கிறதே, அதனால்தான் சாதாரண முரசில் தாறுமாறாக ஒலிக்கும் மேல்ஸ்வரங்கள் தந்தி வாத்தியத்தில் போல ஒழுங்காக அமைகின்றன என்று ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த ஒழுங்கைத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தட்டிக் கொண்டுவந்தவர்கள் பெயர் எந்தக் கச்சேரி விமர்சனத்திலும் வந்ததில்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் அவர்களைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில் பர்லாந்து என்பவரின் கைக்குப் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அப்போதுதான் படித்தோம். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை என்பதை உரக்கச் சொன்ன அந்த நூலின் வெளியீட்டுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஓர் இதழியல் கல்லூரியில் நடந்தது.

இங்கே நான் மேலே சொன்ன காதும் கையும் இடம் மாறிவிடுகின்றன. என்னிடம் காது முன்னால் போய்க் கை பின்தங்கியது. இவர்களிடம் கை அறிந்ததை விஞ்ஞானத்தின் காது மிகப் பின்னால்தான் கேட்டது. சபாவின் காது இன்னும் கேட்கவில்லை.

என் நாற்பதாயிரம் ரூபாய் வயலினில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் கரகரத்தது. குரோம்பேட்டையில் வாத்தியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வயலினை வாங்கி, வில்லைத் தொடாமல், மேல்பலகையைப் பல இடங்களில் விரலால் தட்டிப் பார்த்தார். "சாமான் நல்ல சாமான் சார். உள்ள குச்சி ஒரு நெல்லளவு தள்ளி நிக்குது" என்றார். வளைந்த கம்பியை விட்டு அதை நகர்த்தினார். கரகரப்பு போயிற்று. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "காந்தாரம் சரியா வரலையே ஐயா" என்றேன், பாதி விளையாட்டாக. "அது விரல் சார்" என்றார்.

அவர் சொன்னது முழு விமர்சனம் என்று எனக்குப் படுகிறது. குறை எங்கே, எவ்வளவு, எது பொருளின் குறை, எது ஆளின் குறை என்று பிரித்துச் சொல்லிவிட்டார். நான் நண்பரின் தொகுப்புக்குச் சொன்னது 'சுருதி சேரவில்லை.' எந்தத் தந்தியில், எந்த வரியில் என்று சொல்லவில்லை. காதுள்ளவன் என்ற அந்தஸ்தைக் காட்டிக்கொண்டேனே தவிர, காதை உபயோகிக்கவில்லை. நானும் கல்லூரி நாட்களில் கவிதை எழுதியவன். கை காதுக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். கவிதையில் தாங்க முடியாத இடைவெளியை வயலினில் பன்னிரண்டு வருஷமாகத் தாங்குகிறேன் என்றால், அங்கே எனக்குப் பெயர் எடுக்கும் ஆசை இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். விமர்சகனுக்குக் கை அவசியமா என்ற பழைய சர்ச்சையில் நான் இப்போது எடுக்கும் நிலை இது: கை தேர்ந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் தினமும் ஏதாவதொன்றில் தோற்றுக்கொண்டிருக்க வேண்டும். தோற்காத காது அகங்காரமாகிவிடுகிறது.

நண்பரின் கையெழுத்துப் பிரதி மேஜைமேல் இருக்கிறது. நாற்பத்தொரு கவிதைகள். பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினேழாவதுவரை வந்திருக்கிறது. ஒன்பதாவது கவிதையில் ஒரு சொல் நெல்லளவு தள்ளி நிற்கிறது. அந்த இடத்தில் சிறு புள்ளி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவதில் பிசகு அவருடையதா என் காதுடையதா என்று தீர்மானிக்க முடியவில்லை, அதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். முதல் தொகுப்பையும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு நான் எழுதியதை இந்த முறையில் மறுபடி எழுதி இதே பத்திரிகைக்கு அனுப்ப உத்தேசம்.