பெட்டகம் திறக்கும் கைகளும் நமது குற்றக் கதைகளும்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் பிரித்தானியர் கறுப்பு வெள்ளையில் ஆக்கிய குற்றக் கதைப் படங்களுள், இரும்புப் பெட்டகம் உடைப்போரைப் பற்றியவை தனிக் கவனத்துக்குரியவை. சிறையிலிருக்கும் பெட்டக வல்லுநன் ஒருவனை, எதிரியின் பெட்டகத்தைத் திறப்பதற்கென்று யுத்த காலத்தில் அரசாங்கமே அனுப்பிவைக்கும் கதையை ரே மிலாண்ட் தாமே இயக்கி நடித்து 1958இல் வெளியிட்டார். முன்னாள் இராணுவ அதிகாரிகள், தாம் பயின்ற போர் ஒழுங்கு சிறிதும் வழுவாமல் வங்கியொன்றைக் கொள்ளையிடும் ‘தி லீக் ஒஃப் ஜென்டில்மன்’ பாசில் டியர்டனின் இயக்கத்தில் 1960இல் வந்தது. இவற்றுக்கு முன்னரே, பிரான்சில் ஜூல்ஸ் டாசின் எடுத்த ‘ரிஃபிஃபி’ (1955) படத்தில், நகைக்கடைப் பெட்டகம் உடைபடும் ஏறத்தாழ அரைமணி நேரம் பேச்சுமில்லை, இசையுமில்லை. கைகளின் வேலை மட்டுமே உண்டு. அமெரிக்காவிலோ, 1930இல் வகுத்த தணிக்கை விதி, பெட்டகம் உடைக்கும் முறையை விவரமாகக் காட்டலாகாதென்று பெயர் சுட்டியே தடுத்திருந்தது.

தமிழ்த் திரை வேறு வழி சென்றது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிச் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியார்’ (1950), நடிகர் நம்பியாரைப் பல மாறுவேடங்களில் உலவவிட்டது. துப்பறிவோனின் வேஷமே அதில் ரசப் பொருள். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாட்டும் நடனமும் இன்றி, 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த காலத்தில் கொலையுண்ட வானொலிப் பொறியியலாளனின் கதையை, விசாரிக்கப்படுவோரின் வாய்மொழிகளாகவே விரித்துச் சென்றது. இத்தகைய அரிய முயற்சி முதல் வெளியீட்டில் வசூல் காணாமற் போனது மிகவும் வருந்தத்தக்கது. ஆயினும் அதுவும் யார் செய்தார் என்று கேட்டதேயன்றி, எவ்வாறு செய்தார் என்பதில் தரித்து நிற்கவில்லை.

செய்முறையில் தரியாத இப்போக்கைத் தமிழ் மனத்தின் இயல்பென்று கொள்வதற்கில்லை. நொண்டி நாடகம் என்னும் நமது நாடக வகையிலே கள்வனே அரங்குக்கு வந்து, தாசியிடம் பொருளிழந்ததையும், களவிற் புகுந்ததையும், குதிரை திருடப்போய் அகப்பட்டுக் கால் தறிக்கப்பட்டதையும் தன் வாயாலேயே சொல்கிறான். முடிவில் இறையருளால் கால் பெறுகிறான். திருச்செந்தூருக்கு ஒன்றும், வள்ளல் சீதக்காதி பேரில் இஸ்லாமிய மரபில் ஒன்றுமாக இவ்வகை தழைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் புது மேடைக்குக் கொணர்ந்தபோது, ‘கர்ணன் போர்’ (1962) நாடகத்தை அடுத்து 1963இல் எடுத்துக்கொண்டது ‘நொண்டி நாடகம்’ என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

வடமோடிக் கூத்தையும் தென்மோடிக் கூத்தையும் வட்டக் களரியைச் சூழ்ந்திருந்து விடியுமட்டும் பார்க்கும் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைச் சனங்கள், கர்ணன் மாள்வான் என்பதை முன்னரே அறிந்தவர்கள். ஆகையால் முடிவைப் பற்றிய பதற்றம் ஏதுமின்றி, அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆட்டக்காரன் எவ்வாறு வரவு ஆடுகிறான், எவ்வாறு தாளந் தீர்க்கிறான் என்பதையே கண்கொட்டாது கவனிப்பவர்கள். செய்தொழிலின் நுணுக்கத்தைப் பார்த்து ரசிக்கும் பொறுமை இதுவேயல்லவா? பெட்டகத்தின் முன் பேசாது குந்தியிருக்கும் ஒருவனை அரைமணி நேரம் காட்டினால் ரசிகர் எழுந்து போய்விடுவரென்று அஞ்சிய படமுதலாளிகள், மட்டக்களப்புக்கு வந்து ஒரு களரியைச் சுற்றி இருந்து பார்த்திருக்க வேண்டும்.