மீன் பெட்டியில் ஐஸ்

தூத்துக்குடியில் ஏலம் முடிந்த சீலாவும் விளைமீனும் வெளியூர் போவது தெர்மாகோல் பெட்டியில். அடியில் நொறுக்கிய ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கு ஏறும். வெப்ப நாடுகளில் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும் என்பது பொதுக்கணக்கு; கஞ்சத்தனம் காட்டினால் வழியிலேயே தெரிந்துவிடும்.

ஐஸின் வேலை அது உருகுவதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பம் மீனிலிருந்தும் வெளியிலிருந்து புகும் சூட்டிலிருந்தும் போகிறது. உருகிய நீர் இடுக்குகளில் இறங்கிக் குளிரைப் பரப்பும், வழவழப்பைக் கழுவும். பெட்டியில் நீர் வடிய வழி வேண்டும். தேங்கினால் மீன் ஊறிக் கெடும். பெரிய கட்டிகள் சதையை நசுக்கும், இடைவெளியும் விடும். பொடி ஐஸே நல்லது.

பழத்துக்கு இந்த முறை ஒத்துவராது. பறித்த பின்பும் ஆரஞ்சு சுவாசித்து வெப்பம் விடும். எலுமிச்சைக்கோ அதிகக் குளிர் பட்டால் தோலில் குழி விழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னிய ஆரஞ்சு கிழக்கே போன ரயில் பெட்டிகளில், ஐஸ் இரு முனைத் தொட்டிகளில் தனியே இருந்தது. குளிர்ந்த காற்று மட்டும் பழத்தைத் தொட்டது. வழி நிலையங்களில் ஐஸ் நிரப்பினார்கள்.

இறைச்சி ஏற்றிய ரயில் பெட்டிகளின் ஐஸில் அன்று உப்பும் கலந்ததுண்டு. அதனால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. தூத்துக்குடியைச் சுற்றி உப்பளம் இருந்தும் மீன் பெட்டிக்கு உப்பு ஆகாது: மீன் அரைகுறையாக உறைந்து சதை தளரும்.