சிரிப்பு யாருடைய சொத்து?

2013 செப்டம்பரில் வெளிவந்த ஒரு சிறு காணொளியை என் மாணவிகளுக்கு இன்றும் போட்டுக் காட்டுகிறேன். பெயர் 'இட்ஸ் யுவர் ஃபால்ட்'. 'தப்பு உன் மேலதான்' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதேதான். புதுச்சேரியில் பிறந்த நடிகை கல்கி கோச்லினும் தொகுப்பாளர் ஜூஹி பாண்டேயும் மலர்ந்த முகத்தோடு பெண்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். வல்லுறவுக்குக் காரணம் நீங்கள் போட்ட உடை. ராத்திரியில் வேலைக்குப் போனது. சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் காயங்கள் கூடுகின்றன. புன்னகை மட்டும் குறைவதில்லை.

டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமை அப்போது ஆறாத ரணம். அந்தப் பெண் தாக்கியவர்களை 'அண்ணா' என்று அழைத்துக் கெஞ்சியிருக்கலாமே என்றார் ஆசாராம் பாபு. (பின்னாளில் சிறுமியை வல்லுறவு செய்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற அதே ஆசாமி.) காணொளி அந்த 'அண்ணா'வையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் கோபத்தில் தொண்டை அடைத்து நின்றபோது, அந்தக் கோபத்துக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது. அந்த நன்றி எனக்கு இப்போதும் உண்டு.

இதைச் செய்தது 'ஆல் இந்தியா பக்சோத்', சுருக்கமாக ஏஐபி. மும்பைக் குழு. தன்மய் பட், குர்சிம்ரன் கம்பா இருவரும் 2012இல் ஒலிப்பதிவு உரையாடலாகத் தொடங்க, ரோஹன் ஜோஷியும் ஆஷிஷ் ஷாக்யாவும் சேர்ந்தார்கள். நான்கு ஆண்கள். குழுவின் பெயரே ஆண்கள் கூடிப் பேசும் இடத்திலிருந்து வந்தது: வெட்டி அரட்டைக்கான இந்திக் கொச்சைச் சொல், அதன் பின்பாதி ஒரு கெட்ட வார்த்தை. சுதந்திரமான, அச்சமில்லாத பேச்சு என்று அதைத்தான் நாமும் கொண்டாடினோம். அந்தத் திண்ணையில் நமக்கு இடம் உண்டா என்று அப்போது நாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2014 டிசம்பரில் மும்பை வொர்லியில் நாலாயிரம் பேர் முன்னிலையில் ரண்வீர் சிங்கையும் அர்ஜுன் கபூரையும் மேடையேற்றி வறுத்தெடுத்தார்கள். வறுத்தவர்களில் ஒரே பெண் அதிதி மிட்டல். அவருடைய தோற்றம் கேலிக்கு ஆளானது. ஆண்களின் படுக்கையறைச் சாகசங்கள் கைத்தட்டல் வாங்கின. காணொளி வந்த சில நாட்களில் வழக்குகள் பாய்ந்தன. பார்வையாளர் வரிசையில் இருந்த தீபிகா படுகோன், சோனாக்ஷி சின்ஹா பெயர்கள்கூட அவற்றில் இருந்தன. சிரித்ததற்காகப் பெண்கள் மீது வழக்கு! கலாசாரக் காவலர்கள் எதிரில் நின்றதால் நாம் குழுவின் பக்கம் போய் நின்றோம். வேறு வழியுமில்லை. ஆனால் அந்தக் கேலியின் தரத்தைப் பற்றிய நம் கேள்வி அந்தச் சண்டையில் தொலைந்துபோனது.

குழு அதன்பின் இன்னும் வளர்ந்தது. ஹாட்ஸ்டாரில் தொடர் வந்தது. பெண்களின் இன்பாக்ஸில் போய் வழியும் ஆண்களைக் கிண்டலடித்து ஒரு கவ்வாலிப் பாட்டுகூடப் போட்டார்கள். பெண்களின் கோபம் நன்றாக விலைபோகும் சரக்கு என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சரக்கு தரமானதாகவே இருந்தது.

2018 அக்டோபரில், குழுவோடு வேலை செய்த நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் தங்களுக்கு ஆபாசப் படங்களும் செய்திகளும் அனுப்பியதாகப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தக் கவ்வாலி பாடிய அதே இன்பாக்ஸ். தன்மய் பட்டுக்கு அந்தப் புகார் முன்பே தெரியும் என்பதையும், தெரிந்தபிறகும் அந்த ஆளோடு வேலை தொடர்ந்ததையும் குழுவே ஒப்புக்கொண்டது. தன்மய் ஒதுங்கினார். கம்பா மீதும் ஒரு புகார் வந்தது. அவர் மறுத்தார், விடுப்பில் போனார். ஹாட்ஸ்டார் தொடரை நிறுத்தியது.

என்னை உறுத்துவது இதுதான். புகார் வந்தபோது அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. நண்பர்களுக்குள் பேசி முடிக்கவேண்டிய விஷயமாக வைத்துக்கொண்டார்கள். யாரை எழுத அழைப்பது, எது சிரிப்பு, எது 'ஓவர்' என்பதெல்லாம் எந்த நட்பு வட்டத்துக்குள் முடிவானதோ, அங்கேயே இதுவும் முடங்கியது. பெண்ணியம் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது. பின்னால் யார் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள் என்பது மாறவில்லை. தாய்மாமன் செய்ததைக் குடும்பத்துக்குள் மூடிவைத்த வீட்டில் வளர்ந்த மாணவிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2019 மேயில் அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையிழந்தார்கள், யூடியூப் சேனல் நின்றது. புகாரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களுக்கும் சம்பளம் போனது. தன்மய் பட் இன்று வேறொரு யூடியூப் சேனலில் மறுபடி பெரிய ஆள். கிரெட் விளம்பரங்களை எழுதியவர்களில் ஒருவர். அவர் மீது பாலியல் புகார் இல்லை, திரும்பி வரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று வாய் திறந்த பெண்களில் எத்தனை பேருக்கு மேடை திரும்பக் கிடைத்தது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

வகுப்பில் இப்போது அந்தக் காணொளியோடு குழுவின் 2018 அறிக்கையையும் சேர்த்துக் கொடுக்கிறேன். முதலில் எது மேடம் என்று போன வருடம் ஒரு பெண் கேட்டாள். முதலில் பார், சிரி என்றேன். சிரித்தாள். கல்கியின் முகத்தில் முதல் காயம் தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.