‘சொல்லப்படுகிறது’ – யாரால்?

கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்ட வேலைக்குப் போற குடும்பத்துப் பொண்ணு. வீட்டில் முதல் பட்டதாரி. பாமாவின் ‘கருக்கு’ நாவலை வைத்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறாள். திருத்திக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது என்பது அதன் பொருள். ‘இட் இஸ் செட் தட்’ என்று தொடங்கியிருந்தாள்.

“உங்க ஊர்ல எப்படி?” என்று கேட்டேன்.

“இருந்துச்சுக்கா. எங்க தாத்தா காலத்துல செரட்டையில ஊத்துனாங்களாம். அப்பாவுக்குத் தனி கிளாசு. அத நானே பாத்திருக்கேன்.”

“பாத்தவ நீ. அப்புறம் யாரு சொல்றா, ‘சொல்லப்படுகிறது’ன்னு?”

“மொதல்ல ‘ஐ’ போட்டுத்தான் எழுதுனேன். நெறியாளர் செவப்பு மையில அடிச்சிட்டாரு. ஆராய்ச்சியில நான், எனக்குன்னு வரக்கூடாதாம்.”

அவள் பேச்சைக் கவனியுங்கள். தாத்தா காலத்துச் சிரட்டைக்கு ‘ஊத்துனாங்களாம்’. தன் கண் முன்னால் நடந்ததற்கு ‘பாத்திருக்கேன்’. நெறியாளர் விதிக்கு மறுபடியும் ஒரு ‘ஆம்’. கேட்டது எது, கண்டது எது என்பதை ஒற்றை விகுதியில் பிரித்துக் காட்டுகிற மொழி அவளுடையது. இதை எந்தக் கல்லூரியும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. ஆங்கிலத்துக்குப் போனதும் எல்லாம் ‘ஆம்’ ஆகிவிட்டது. கண்ட சாட்சி, காதில் விழுந்த செய்தியாகச் சுருங்கிவிட்டது. இது வெறும் இலக்கணக் கோளாறா? இல்லை என்கிறேன்.

ஒரு கூற்றை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம், யார் பொறுப்பில் சொல்கிறோம் என்பதை எழுத்தில் காட்டுவதற்கு ஆங்கில மொழியியலார் ‘ஸ்டான்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிலைப்பாடு என்று வைத்துக்கொள்வோம். ‘மே’, ‘சீம்ஸ்’ போன்ற தயக்கச் சொற்கள், ‘கிளியர்லி’ போன்ற அழுத்தச் சொற்கள், ‘ஐ’ என்னும் தன்மை இடம் எல்லாம் இதன் கருவிகள். கென் ஹைலண்ட் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஹாங்காங் மாணவர்களின் 64 இறுதியாண்டு ஆய்வறிக்கைகளை எடுத்துக்கொண்டார். ஆய்விதழ்களில் எழுதும் அறிஞர்கள் அந்த மாணவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தன்மை இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டார். மாணவர்கள் நோக்கத்தைச் சொல்லவும் செய்முறையை விளக்கவும் ‘ஐ’ போடுகிறார்கள். ‘இது என் முடிவு’ என்று வாதாட வேண்டிய இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடோ, தான் செய்ததைத் ‘தான்’ என்றே எழுதச் சொல்கிறது. ஆக, பெரிய இடத்துக்காரர்கள் ‘நான்’ என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ‘நான்’ தீட்டு.

இன்னொரு வேடிக்கை. ‘கருக்கு’ 1992இல் வந்தது. எழுத்துத் தமிழின் வேலியைப் பிய்த்துக்கொண்டு, சேரித் தமிழில் தன் கதையைத் தானே சொன்ன புத்தகம். அதைப் பற்றிய ஆய்வேட்டில் ‘நான்’ கூடாதென்றால், புத்தகத்தை உள்ளே விட்டுவிட்டு அதை எழுதியவளின் இனத்தை வாசலில் நிறுத்துவது என்றுதானே அர்த்தம்?

செயப்பாட்டு வினையையும் பார்க்க வேண்டும். ‘குவளை வைக்கப்பட்டது.’ வைத்தவன் எங்கே? வாக்கியத்துக்குள் அவன் இல்லை. இதைத்தான் புறநிலை என்கிறார்கள். கண்டவளும் காணோம், செய்தவனும் காணோம். குவளை மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது.

தயக்க மொழி யாருக்கு உதவுகிறது என்பதற்குக் கொடைக்கானலிலேயே ஒரு பாடம் உண்டு. அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு விளைந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது இந்துஸ்தான் யூனிலீவரின் நிலைப்பாடு. ‘எனக்கு இப்படி ஆச்சு’ என்றார்கள் தொழிலாளர்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. அப்போதும் நிறுவனம் சொன்ன சொல் ‘மனிதாபிமானம்’. ‘ஆதாரம் இல்லை’ என்பதும் ஒரு நிலைப்பாடுதான். அது நிலைப்பாடு என்று வெளியே தெரியாதபடி எழுதத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

அதற்காக வரிக்கு வரி ‘நான்’ போட்டால் போதுமா? போதாது. இங்கே நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘நான் தலித், ஆகவே நான் சொல்வது உண்மை’ என்று முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்த ஒரு மாணவர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகியோரின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்கிறார். தன்னைவிடப் பெரியவர்கள் தொட்ட பொருள் என்று அடக்கமாகத் தொடங்குகிறார். ஆனால் அகமணமே சாதியின் சாரம் என்று சொல்லுமிடத்தில் பின்வாங்கவில்லை. தவறென்று காட்டினால் கைவிடத் தயார் என்றும் முடிவில் சேர்க்கிறார். அதில் வாதாடுகிற ‘நான்’ உண்டு, சொந்தக் கதை இல்லை.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தலைப்பில் 1990இல் வெளிவந்த குறிப்புகளில் அதே மனிதர் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனாக, சாட்சியாக நிற்கிறார். தீண்டப்படாதோர் பற்றி 1948இல் எழுதிய நூலின் முன்னுரையிலோ, சான்று அறுந்த இடத்தில் கற்பனையையும் ஊகத்தையும் கொண்டு கண்ணியை இணைத்திருப்பதை ஒளிக்காமல் சொல்கிறார். வாதம், சாட்சியம், ஊகம் மூன்றையும் அவர் குழப்பவில்லை. 1936இல் லாகூர் உரையைத் திருத்தச் சொன்னபோது, ஒரு காற்புள்ளியையும் மாற்ற மறுத்துச் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டதும் இதே ஆள்தான்.

கொடைக்கானல், சாலை போடுவதற்கு முன் துரைமாரை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறிய மலை. அங்கே 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. இந்த மலையிலும் கீழேயுள்ள கல்லூரிகளிலும் நம் வீட்டுப் பெண்கள் இன்று ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறார்கள். சுமந்தவர்களின் பேத்திகள் எழுதுகிற வாக்கியத்தில் எழுவாய் இருக்க வேண்டுமா, இல்லையா என்பதுதான் கேள்வி.

அன்றைக்கு ராத்திரி அவளும் நானும் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை மூன்றாக்கினோம். தாத்தா காலத்துச் சிரட்டை: குடும்பத்தார் சொல்லக் கேட்டது. அப்பாவின் தனி கிளாசு: ‘ஐ சா’. பக்கத்து ஊர்களிலும் இப்படி இருந்திருக்கலாம்: ‘மே’ போட்டு, இது ஊகம், விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி.

“மறுபடி அடிச்சாருன்னா என்னக்கா பண்றது?”

“எந்த விதிப்படி அடிச்சீங்கன்னு எழுதிக் கேளு. அவரும் ‘ஐ’ போட்டுப் பதில் எழுதட்டும்.”