கரி, சுண்ணாம்பு, வேப்பிலை

எங்கள் ஊரான தடாவில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது அக்கம்பேட்டை, அதற்கடுத்தது சூலூர்பேட்டை. அங்கே காளங்கி ஆற்றங்கரையில் இருக்கும் செங்காளம்மன் கருவறைக்குக் கதவு கிடையாது. ஊரார் ஒருமுறை கதவு செய்யப் பார்த்தார்களாம். அம்மன் கனவில் வந்து வேண்டாம் என்றாளாம். கோயிலுக்குப் பின்னால் போட்டுவைத்த பலகைகள் துளிர்த்து மரமாகிவிட்டன என்கிறது தலக்கதை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதற்குமுன் விண்வெளித் துறையினர் வந்து கும்பிட்டுப் போவதும் இவளைத்தான். எங்கள் பக்கத்து அம்மன்களுக்கும் மரம் மட்டைகளுக்கும் உள்ள உறவு இப்படித்தான். அறுத்து இழைத்த பலகைகூட அவள் பேச்சைக் கேட்டுப் பச்சை விடும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்போது பருவத்துக்கு ஒரு தேவி, தேவிக்கு ஒரு செடி என்று வைத்துத் தியானம் செய்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆண்டை எட்டுப் பண்டிகைகளாகப் பிரித்து, கண்ணை மூடி, தமக்குள் இருக்கும் தேவியைத் தேடுகிறார்கள். மனநல மருத்துவர் ஜீன் ஷினோடா போலன் 1984இல் எழுதிய புத்தகம் ஏழு கிரேக்கத் தேவியரைப் பெண் மனத்தின் ஏழு வார்ப்புகளாகக் காட்டியது. நல்ல முயற்சிதான். ஆனால் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையைப் பார்த்த கண்ணுக்கு அது கொஞ்சம் சைவமாகத் தெரிகிறது. இங்கே தேவி மனத்துக்குள் வருவதில்லை. தோல்மேல் வருகிறாள், அதுவும் கத்திரி வெயிலில்.

2022 வரை தடா நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகுதான் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. ஆகவே கங்கம்மா எங்கள் மாவட்டத்துக்காரி ஆனது அண்மையில்தான். தாத்தய்யகுண்டாவில் கோயில். மலைமேல் இருக்கும் வேங்கடவனுக்குத் தங்கை முறை. தேவஸ்தானத்திலிருந்து ஆண்டுதோறும் சீர் வருகிறது. பிறந்த வீடு அவிலாலா. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஊரில் ஒரு பெண்ணையும் விடாத பாளையக்காரன் ஒருவன் அவள்மீதும் கை வைக்க, அவள் தன் பெரிய உருவைக் காட்ட, அவன் ஓடி ஒளிந்துகொள்கிறான். அவனை வெளியே இழுக்க அவள் வேஷம் மேல் வேஷமாகப் போடுகிறாள். கடைசியில் துரை வேஷம். பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று கும்பிட வெளியே வந்தவனின் தலை போகிறது.

அந்தத் தேடல்தான் ஒரு வாரத் திருவிழா. சாட்டு, அதாவது திருவிழா அறிவிப்பு, சொல்லிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. மறுநாள் பைராகி வேஷம், உடம்பெல்லாம் வெள்ளை. அடுத்து பண்டா வேஷம், உடம்பெல்லாம் குங்குமம். அன்றைக்கு வாயில் வந்த வசையெல்லாம் வழிபாடு. அதற்கடுத்து தோட்டி வேஷம்: கரி பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். பிறகு துரை; தலை விழுந்த பிறகும் மாதங்கி, சுண்ணாம்புக் குண்டான் என்று போகும்.

என்னைக் கேட்டால் ஏழு நாளில் தோட்டி நாள்தான் உச்சம். துரை வேஷத்தில் கூட்டம் அதிகம், பட்டும் கத்தியும் பளபளக்கும். ஆனால் அது நாடகம். கரி அப்படியல்ல. அடுப்புக் கரியின் மங்கிய கறுப்பில் வெயில் ஒட்டுவதே இல்லை. அதன்மேல் பச்சை வேப்பங்கொத்து தனியாகத் தெறித்து நிற்கும். வேர்வை வழிந்த இடங்களில் கரி கரைந்து தோலில் கோடுகள் விழ விழத்தான் வேஷம் முழுமையாகிறது. கட்டத் தெரிந்தவர்கள் கொழுந்தைத் தொடமாட்டார்கள், ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். முற்றிய கொத்துதான் தாங்கும். சித்திரைக் கடைசியில் பூ உதிர்ந்து இலை இறுகியிருக்கும் வேம்பு இதற்கென்றே காத்திருந்ததுபோல இருக்கும். இப்போது கடையில் விற்கும் சரிகைத் தாள் மாலையும் நைலான் முடியும் வந்துவிட்டன. அவை வாடுவதில்லை. வாடாத பொருளில் இந்த வேஷம் நிற்காது என்பது என் கட்சி.

இந்தக் கலையின் சாமான்களைப் பாருங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறது. குங்குமத்தின் பழைய செய்முறையே அதுதான். வெந்த கட்டை கரியாகிறது. எதற்கும் பட்டறை வேண்டாம், சமையற்கட்டே போதும். படைப்பதும் அங்கிருந்துதான் வருகிறது: அம்பலி என்கிற கேழ்வரகுக் கூழும் பொங்கலும். கோடையில் கங்கம்மா கொதிக்கிறாள், அவளைக் குளிர்விக்க வேண்டும். ஆடியில் தடாவிலிருந்து சென்னைவரை தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும்போதும் இதே கணக்குத்தான்.

ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தத் திருவிழாவைப் பற்றி 2013இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் கவனித்த ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஆண்கள் சேலை கட்டி, பின்னல் வைத்து, மார்பு வைத்து வருகிறார்கள். பெண்களோ முகத்தில் மஞ்சள் பூசிக்கொள்வதோடு சரி, வேஷம் போடுவதில்லை. தேவியாவதற்கு அவர்கள் மாறவேண்டியதில்லை. ஆண்தான் மெனக்கெட வேண்டும். மீசைமேல் மஞ்சள் அப்பிக்கொண்டு, கண்ணாடி வளையல் குலுங்க, சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கும் ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர் சிரிப்பதில்லை. நேர்த்திக்கடன்.

மேற்கத்திய தேவியருக்குக் கன்னி, தாய், கிழவி என்று வயதை வைத்து மூன்று முகம் சொல்வார்கள். கங்கம்மா வயதைத் தொடுவதே இல்லை. பிச்சை கேட்கும் பைராகி, தெருக் கூட்டும் தோட்டி, ஊரை ஆளும் துரை என்று சாதிப் படியில் மேலும் கீழும் ஏறி இறங்குகிறாள். பெண்ணின் பருவங்களைவிட ஊரின் படிநிலைகள் அவளுக்கு முக்கியமாகப் படுகின்றன. வேட்டை நடப்பது அங்கேதானே.

கடைசி இரவு கோயில் முன்னால் களிமண்ணில் பிரம்மாண்டமான முகம் எழும்புகிறது. விஸ்வரூபம் என்பார்கள். விடியலில் பேரண்டாலு என்னும் சுமங்கலி வேஷக்காரர் வந்து அந்த முகத்தின் கன்னத்தை அறுக்கிறார். அதோடு சரி, முகம் உடைந்து மண்ணாகிறது. அந்த மண்ணுக்காக நடக்கும் தள்ளுமுள்ளு கொஞ்சமல்ல. கிடைத்த கட்டியை வீட்டில் வைத்திருந்து, உடம்புக்கு முடியாதபோது தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. அம்மன் பேரோடு சேர்ந்திருந்த பெரியம்மை நாட்டைவிட்டுப் போய் ஐம்பது ஆண்டாகிறது. மண்ணின் கிராக்கி குறையவில்லை.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. தடாவிலிருந்து காளஹஸ்தி வழியாகப் போகலாம். மே மாதத் திருப்பதி வெயில் பொல்லாதது, குடையை நம்பாதீர்கள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் துரை நாளை விட்டுவிட்டு தோட்டி நாளுக்குப் போங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கரி போகாது.